பேட்டரிக்குப் போட்ட பட்டை

எனக்குத் தொண்ணூற்றேழு நடக்கிறது. பல் போய்விட்டது, வாய் போகவில்லை. அதனால் எங்கள் பாளையம்பட்டிக் காலனியில் வண்டி வாகனம் சம்பந்தமாக எந்தப் பஞ்சாயத்து நடந்தாலும் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் நடுவில் வைத்துவிடுகிறார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் பேட்டரி வேலை பார்த்தவன் என்று ஒரு மரியாதை.

போன மாதப் பஞ்சாயத்து எதிர்வீட்டு அதிகாரியுடையது. ஓய்வு பெற்றவர். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன், மனுஷனுக்குக் கோபம் வரும். புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். மகள் வீட்டுக்குச் சென்னைக்குப் போய்ப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்து பார்த்தால், நிறுத்தின இடத்தில் நின்ற காரில் சார்ஜ் குறைந்திருக்கிறது. வண்டி அசையவில்லை, விளக்கு எரியவில்லை. ஆகவே எவனோ எடுத்திருக்கிறான். யார்? காலனிக் காவலாளி. அவனிடம்தானே செல்போன் இருக்கிறது! அதிகாரி அவனை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, கார் ஷெட்டில் கேமராவும் மாட்டிவிட்டார்.

"தாத்தா, நீங்களே சொல்லுங்க. பூட்டி வச்ச வண்டியில சார்ஜ் தானா எப்படிக் குறையும்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, நான் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நினைத்து ஒரு பெண் தண்ணீர் கொண்டுவர ஓடியது. இதே கேள்வியை ஏறக்குறைய இதே வார்த்தைகளில் எழுபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் பரளச்சிப் பக்கத்தில் ஒரு பெரிய மனிதர் கேட்டார். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாத இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் தறி. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். யுத்த காலத்தில் நூலுக்கும் ரேஷன் வந்து தறி பாதி நாள் சும்மா கிடந்ததால், அருப்புக்கோட்டையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த பேட்டரி சார்ஜ் கடையில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். முதல் இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. வேட்டியில் ஓட்டை விழுந்தால் மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். நெசவுக்கார வீட்டில் ஓட்டைத் துணியோடு போய் நின்றவனுக்கு என்ன பூஜை நடக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

யுத்தம் முடிந்தது, ஆனால் பெட்ரோல் கூப்பன் முடியவில்லை. கார் வைத்திருந்த பெரிய மனிதர்கள் காரை ஷெட்டில் நிறுத்திவிட்டு மாட்டு வண்டியில் போய் வந்தார்கள். காரை விற்க மனசு வரவில்லை, ஓட்டப் பெட்ரோல் வரவில்லை. கார் ஓடினால் அதிலிருக்கும் டைனமோ பேட்டரிக்குத் தீனி போடும். நின்றால் யார் போடுவது? உள்ளே இருக்கும் சார்ஜ் தன்பாட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். எங்கள் ஊர் வெக்கைக்கு இன்னும் வேகமாக இறங்கும். ஓடுகிற கார்களால் எங்கள் கடை பிழைக்கவில்லை, நின்ற கார்களால்தான் பிழைத்தது.

கடையின் மேஸ்திரி ஆரோக்கியம், கிறிஸ்தவர். பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒல்லியான ஆள், கண்ணாடி எப்போதும் மூக்கின் நுனியில் இருக்கும். வாடிக்கைக்காரர்கள் எதைச் சொன்னாலும் அவர் பதில் ஒன்றுதான்: "அப்படிங்களா?" பேட்டரிக்குக் கண் பட்டுவிட்டது என்பார்கள். "அப்படிங்களா?" அமாவாசையன்று சார்ஜ் ஏற்றினால் நிற்காது என்பார்கள். "அப்படிங்களா?" யாரையும் மறுத்துப் பேச மாட்டார், யார் சொன்னதையும் கேட்கவும் மாட்டார். கும்பிட்டு அனுப்பிவிட்டுத் தன் வேலையைத் தன் வழியில் செய்வார்.

அந்த வழி எனக்கு இன்றும் கைப்பழக்கம். பேட்டரி வந்ததும் பலகையில் ஏற்றி, மூடிகளை இறுக்கி, சோடா உப்புக் கரைத்த தண்ணீரால் மேற்பக்கத்தைக் கழுவ வேண்டும். கசிந்து கிடக்கிற ஆசிட்டில் சோடா பட்டதும் நுரைக்கும். நுரை நிற்கிற வரை கழுவ வேண்டும். பிறகு உலர்ந்த துணியால் ஈரமே இல்லாமல் துடைத்து, கம்பி மாட்டுகிற இரண்டு குமிழையும் பளபளப்பாகச் சுரண்டி, வாசலைன் தடவ வேண்டும். அதற்கப்புறம்தான் மூன்று மூடியையும் திறந்து, உள்ளே தண்ணீர் குறைந்திருந்தால் மழைத்தண்ணீர் விட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது, எங்கள் பக்கத்துக் கிணறுகளெல்லாம் உப்பு. நாலு கம்பு நட்டு வெள்ளை வேட்டியைக் கட்டி, மழையைப் பிடித்து ஜாடியில் சேர்த்து வைப்போம். மழை வந்தால் ஊரெல்லாம் வீட்டுக்குள் ஓடும், நாங்கள் வெளியே ஓடுவோம். கடைசியில் மேஸ்திரி மிதவைக் குழாயை விட்டு ஆசிட்டின் அடர்த்தியை அளந்து, ஒவ்வொரு அறைக்கும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவார். பன்னிரண்டு எண்பது என்றால் வயிறு நிறைந்திருக்கிறது, பதினொன்று ஐம்பது என்றால் பட்டினி.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரே ஒரு தடவை சொன்னார்: "கோவிந்தா, மேல அழுக்கும் ஈரமும் இருந்துச்சுன்னா ரெண்டு குமிழுக்கும் நடுவுல அதுவே ஒரு வயரு. சும்மா கிடக்கும்போதே அது வழியா கரண்டு போயிரும்." எதையும் இரண்டாம் தடவை சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

பரளச்சியைத் தாண்டி ஒரு கரிசல் ஊர். அங்கே பருத்திக் காடு நிறைய வைத்திருந்த ஒரு முதலாளிக்குக் கார் இருந்தது. மாதத்தில் இரண்டு தடவை எடுப்பார். கல்யாணத்துக்கு ஒரு தடவை, தன்னிடம் கார் இருக்கிறது என்று ஊருக்கு நினைவுபடுத்த ஒரு தடவை. டிரைவர் முனியசாமி எட்டு வருஷமாக அவரிடம் இருந்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவன், அதிகம் பேச மாட்டான். வீட்டில் அவனை நம்பி ஐந்து வாய்.

சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டிக்கொடுக்க என்னை அனுப்பினார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மாட்டி முடித்தேன். முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, வெள்ளிக்கெழமையும் அதுவுமா மொட்டையா மாட்டியிருக்க?"

சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, பெரிய மனிதர் வாயால் சபாஷ் வாங்க வேண்டும். வீட்டிலிருந்து விபூதித் தட்டை வாங்கி, கிணற்றுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, இந்தக் குமிழிலிருந்து அந்தக் குமிழ் வரைக்கும் மூன்று விரலால் பட்டையாக இழுத்தேன். குமிழுக்கொரு சந்தனம், அதன்மேல் குங்குமம். முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜரிகை போட்ட துண்டு ஒன்று என் தோளுக்கு வந்தது.

"முனியசாமி, பாத்துக்க. இனிமே வெள்ளிக்கு வெள்ளி இதே மாதிரி போடணும். ஒரு வாரம் தப்பக் கூடாது."

"சரிங்கய்யா" என்றான் முனியசாமி. ஒரு வாரமும் தப்பவில்லை.

மூன்று வாரத்தில் பேட்டரி செத்துப்போய்க் கடைக்கு வந்தது. மேஸ்திரி ஆசிட் வாங்க மதுரைக்குப் போயிருந்தார். நானே கழுவினேன். பழைய பட்டை மேல் புதுப் பட்டை, அதற்கு மேல் இன்னொன்று. ஆசிட்டும் உப்புத் தண்ணீரும் சாம்பலும் சேர்ந்து, தொட்டால் பிசுபிசுக்கிற ஒரு பொருக்கு. சோடா பட்டதும் பொங்கி வழிந்தது. அப்போதே மேஸ்திரி சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் வரவில்லை என்று எழுதிவிட்டுப் போனால் இந்த வயதில் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? ஆனால் வந்தது. துண்டு தோளில் கிடந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. பேட்டரி பழசு, வெயில் அதிகம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரும்பக் கொண்டுபோய் மாட்டியபோது முதலாளி பக்கத்தில் நின்றார். நானே மறுபடியும் பட்டை போட்டேன்.

அடுத்த தடவையும் செத்தது. மேஸ்திரி பார்க்குமுன் ஒவ்வொரு தடவையும் நானே கழுவிவிட்டேன். முதலாளி யோசிக்க ஆரம்பித்தார், அதுதான் வினையாகப் போனது. அடுத்த தெருவில் அவருடைய பங்காளி ஒருவர் இருந்தார். இவர் கார் வாங்கியதற்குப் போட்டியாக அவர் ரேடியோ வாங்கியிருந்தார். அதுவும் இதே மாதிரிக் கார் பேட்டரியில்தான் பாடும். சாயங்காலமானால் பாட்டுச் சத்தம் இவர் வீட்டு வாசல் வரை வரும். தன் கார் கிளம்பவில்லை, பங்காளியின் ரேடியோ பாடுகிறது. இரண்டையும் கூட்டி முதலாளி ஒரு விடை கண்டுபிடித்தார்: முனியசாமி கரண்டைத் திருடிப் பங்காளிக்குக் கொடுக்கிறான்.

ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். சார்ஜ் இறங்கியது. பேட்டரியைச் சங்கிலியால் காரோடு கட்டினார். இறங்கியது. ஒரு ஆளைக் காரின் மேலேயே படுக்கவைத்தார். அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, சார்ஜ் இறங்கியது. இத்தனை காவலிலும் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. வெள்ளிக்கு வெள்ளி தானே பூட்டைத் திறந்து, முனியசாமியைப் பட்டை போடச் சொல்லிவிட்டு மறுபடியும் பூட்டினார்.

ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார்.

"மேஸ்திரி, பூட்டி வச்ச பேட்டரியில கரண்டு தானா எப்படிக் குறையும்? அந்தப் பய கம்பி இல்லாமலே எடுத்துக் குடுக்கிறான்."

"அப்படிங்களா?"

"ரேடியோவுக்குப் பாட்டு திருச்சியில இருந்து கம்பியில்லாமத்தான வருது? கரண்டு மட்டும் ரெண்டு தெருவுக்குக் கம்பியில்லாமப் போகாதா?"

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வார வெள்ளிக்கெழம அய்யனார் கோயில்ல அவன் சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணணும். பண்ணிட்டு ஊரை விட்டே போயிரணும். நீங்க வந்து பேட்டரியில ஒரு குத்தமும் இல்லைன்னு ஊருக்கு முன்னால சொல்லணும்."

சத்தியம் செய்தால் அவன் யோக்கியன் என்றாகிவிடுகிறதே, பிறகு ஏன் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பெரிய மனிதர்களின் நீதியில் அப்படியெல்லாம் குறுக்கே போகக் கூடாது. பேட்டரி நல்ல பேட்டரி என்று மேஸ்திரி சொன்னால் முனியசாமி திருடன். முதலாளி வீட்டில் திருடியவன் என்று பெயர் வாங்கினவனுக்கு அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் எவனும் வண்டியைக் கொடுக்க மாட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் கரி பஸ்ஸில் கிளம்பினோம். பெட்ரோல் இல்லாத காலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அதில் வருகிற புகையில் ஓட்டினார்கள். ஓட்டினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒவ்வொரு மேட்டிலும் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளித் தள்ளிப் பரளச்சி போய், அங்கிருந்து நடந்தோம்.

ஷெட் வாசலில் ஊரே கூடியிருந்தது. முனியசாமி குளித்து ஈர வேட்டியோடு சத்தியத்துக்குத் தயாராக நின்றான். அவன் பெண்சாதி கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள். என்னைப் பார்த்ததும் முனியசாமி சிரித்தான். டவுனிலிருந்து தனக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

மேஸ்திரி பேட்டரியைப் பார்த்தார். மூன்று பட்டையும் காயாமல் பளிச்சென்று இருந்தது. "அப்படிங்களா" என்றார். இந்தத் தடவை அதை பேட்டரியிடமே சொன்னார். பையிலிருந்து வோல்ட் மீட்டரை எடுத்து, ஒரு கம்பியை ஒரு குமிழில் வைத்து, மறு கம்பியைப் பட்டையின் மேல் மெதுவாக நகர்த்தினார். மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச சார்ஜிலும், கம்பி நகர நகர முள் எழுந்தது. கரண்டு போகாத இடத்தில் முள் எழாது. என்னைக் கிட்டே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தப் பழக்கத்தை இவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"மொதத் தடவை கழுவினப்பவே."

அவர் திட்டவில்லை. கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

"நான் சொன்னா, வேதக்காரன் வந்து விபூதியப் பழிக்கிறான்னு சண்டையாகும். பூசுனவன் நீ. நீயே சொல்லு."

முதலாளி முன்னால் போய் நின்றேன். "ஐயா, பேட்டரின்னா சும்மா கிடந்தாலே கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்" என்று சுற்றி வளைத்தேன்.

"பூட்டி வச்ச குலுக்கையில தானியம் தானா குறையுமாலே?"

"எலி இருந்தாக் குறையும்ங்கய்யா" என்றான் முனியசாமி. அவன் அன்றைக்குப் பேசிய ஒரே பேச்சு அது. யாரும் சிரிக்கவில்லை.

இனி மறைக்க முடியாது என்று தெரிந்தது. "ஐயா, முனியசாமி எடுக்கல. ஈரப் பட்டை இந்தக் குமிழுக்கும் அந்தக் குமிழுக்கும் பாலம் போட்ட மாதிரி ஆயிருச்சு. அது வழியா கரண்டு போயிருது. மொதமொதப் போட்டது நான். தெரிஞ்ச பிறகும் சொல்லாம இருந்ததும் நான்தான். இவரு மேல ஒரு தப்பும் இல்ல."

முதலாளிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"எங்க வீட்டு விபூதி கரண்டு திருடுதுங்கிறியாலே?"

அடி விழப்போகிறது என்று தலையைக் குனிந்தேன். அப்போது அவருடைய கணக்குப்பிள்ளை, முப்பது வருஷமாக அவரிடம் உப்புத் தின்றவர், மெல்லத் தொண்டையைச் செருமினார். "விபூதி இழுத்துக்கிருச்சுன்னா, அது சாமிக்குப் போய்ச் சேந்துச்சுன்னுதான அர்த்தம்ங்கய்யா? பங்காளி ரேடியோவுக்கா போச்சு?"

முதலாளி யோசித்தார். கோபம் இறங்கி முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறுவதை நான் கண்ணால் பார்த்தேன். ஊரில் எத்தனையோ பேர் சாமிக்குப் பொங்கல் வைக்கிறார்கள், கிடா வெட்டுகிறார்கள். கரண்டு கொடுத்தவர் யார் இருக்கிறார்கள்? அவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஊரே கும்பிட்டது.

"அப்படிங்களா" என்றார் மேஸ்திரி.

சத்தியம் ரத்தாயிற்று. முதலாளி முனியசாமியைப் பார்த்து, "என்னடா நிக்கிற, போய் வண்டியத் தொடை" என்றார். அவ்வளவுதான். ரெண்டு மாதம் திருடன் என்று சொன்ன வாயிலிருந்து வேறு ஒரு வார்த்தை வரவில்லை. ஷெட்டுச் சாவியும் அவர் இடுப்பிலிருந்து இறங்கவில்லை. பட்டை போடுவதும் நிற்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பேட்டரி பக்தியோடு கடைக்கு வரும், மேஸ்திரி பக்தியோடு சோடா போட்டுக் கழுவுவார்.

என்னை அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஊருக்குத் திரும்பியதும் கையை நீட்டினார். ஜரிகைத் துண்டைக் கொடுத்தேன். அதை நாலாகக் கிழித்து பேட்டரி துடைக்கப் போட்டுவிட்டார். ஒரே வாரத்தில் சல்லடையாகிவிட்டது.

முனியசாமி ஒரு மாதம் பொறுத்தான். காரைத் தொட வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் சாவிக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது. ஒருநாள் கும்பிடு போட்டுவிட்டு வந்து, பரளச்சிக்குப் போகும் கரி பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்துவிட்டான். திருட்டுப் பெயர் ஒட்டாததால் வேலை கிடைத்தது. என்னால் நடந்த ஒரே நல்லது அதுதான். ஆனால் என்னிடம் அவன் பேசவில்லை.

இதையெல்லாம் எதிர்வீட்டு அதிகாரியிடம் சொன்னேன். உங்கள் காரில் விபூதி இல்லை, ஆனால் நின்ற இடத்திலும் அதற்குக் கொஞ்சம் பசிக்கும், அதைத்தான் அது தின்றிருக்கிறது, காவலாளிப் பையன் தின்னவில்லை என்றேன். ரெண்டு மாதம் காத்திருக்காமல் இந்தத் தடவை அன்றைக்கே சொன்னேன். காவலாளியை நிறுத்தச் சொன்ன கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கேமராவைக் கழற்றவில்லை. கழற்றுங்கள் என்று தினமும் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தபடி கத்திக்கொண்டிருக்கிறேன்.

முனியசாமியின் கணக்கு வேறு மாதிரித் தீர்ந்தது. வேலைக்காக அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவன் பஸ்ஸில்தான் போவேன். மேடு வந்ததும் நிறுத்துவான். திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுப்பான்: "கோவிந்தா, எறங்கித் தள்ளு." மற்றவர்கள் எழுந்தால், "நீங்க உக்காருங்க, அவரு தள்ளுவாரு" என்பான். முடியாத மேட்டில் மட்டும் இன்னும் இரண்டு பேரை இறக்குவான். கரிப் புகையைக் குடித்துக்கொண்டு, ஏன் என்று கேட்காமல் இரண்டு வருஷம் தள்ளினேன்.

பிறகு பஸ்ஸுக்குப் பெட்ரோல் வந்தது. பின்னால் இருந்த அடுப்பைக் கழற்றிவிட்டார்கள். நான் சார்ஜ் ஏற்றிக் கொடுத்த பேட்டரியைத்தான் அதில் மாட்டியிருந்தார்கள், மேற்பக்கம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. பரளச்சி மேட்டில் இஞ்சின் அணைந்து பஸ் நின்றது. பழக்கத்தில் நான் எழுந்து இறங்கி, பின்னால் போய்க் கையை வைத்துவிட்டேன். இஞ்சின் ஒரே தட்டில் கிளம்பியது. முனியசாமி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தான்.

"போதும், ஏறு" என்றான்.